செகண்ட் ஹேண்ட் நிஸான் ஜிடி-ஆர், வேளச்சேரி அபார்ட்மென்ட், தினமும் ஓஎம்ஆர்: என் பதில்

கேள்வி சுருக்கமா இதுதான். வேளச்சேரில அபார்ட்மென்ட்ல குடியிருக்கற ஒரு தம்பி, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ், இப்போ ஓட்டறது ஐ20. பெங்களூர் புரோக்கர் ஒருத்தர்கிட்ட 2017 மாடல் நிஸான் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்காம், பாண்டிச்சேரி நம்பர், 'ஸ்டேஜ் 2' ட்யூன் பண்ணி (இன்ஜின் கம்ப்யூட்டர மாத்தி பவர் ஏத்தி) எக்ஸாஸ்ட் மாத்தினது. ஐ20-ஐ தள்ளிட்டு இதையே தினமும் ஓட்டலாமா, வாங்கினா என்னென்ன தலைவலி வரும், அதெல்லாம் தாங்கற அளவுக்கு வண்டி வொர்த்தான்னு கேட்டிருக்கார்.

தம்பி, முடிவ முதல்லயே சொல்லிடறேன், காரணம் அப்புறம் படிங்க. இந்த குறிப்பிட்ட வண்டி வேணாம். ஜிடி-ஆரே வேணாம்னு சொல்லல, ஆனா ஐ20-ஐ வித்துட்டு இத மட்டும் வெச்சுக்கற ஐடியா சுத்தமா வேணாம். நான் இம்போர்ட் வண்டி சர்வீஸ் லைன்ல ரொம்ப வருஷமா இருக்கறவன், இப்போ சின்னதா சொந்த ஒர்க்‌ஷாப். பெட்ரோல், டயர், சர்வீஸ் பில்லு இதெல்லாம் காசு மேட்டர், காசு இருக்கறவனுக்கு அது பெரிய விஷயமே கிடையாது. இந்த மாதிரி அபூர்வ வண்டில ஆள சலிக்க வைக்கறது காத்துக்கிட்டு இருக்கறதுதான். பார்ட்டுக்கு காத்திருக்கணும், தெரிஞ்ச மெக்கானிக்குக்கு காத்திருக்கணும், மழை விடறதுக்கு காத்திருக்கணும், கடைசில வித்துடலாம்னு முடிவு பண்ணா வாங்கற ஆளுக்கு காத்திருக்கணும்.

வண்டிய குறை சொல்ல மாட்டேன், அது வேற லெவல். 2007-ல டோக்கியோ மோட்டார் ஷோல காட்டினப்போ 480 குதிரைத்திறன், போகப் போக ஏத்திக்கிட்டே வந்து 2016 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தப்போ 570 கிட்ட, டார்க் (இழுவை விசை) 637 நியூட்டன் மீட்டர், டெல்லி எக்ஸ்‌ஷோரூம் 1.99 கோடி. 3.8 லிட்டர் வி6, ரெண்டு டர்போ, ஒவ்வொரு இன்ஜினையும் யோகோஹாமா ஃபேக்டரில ஒரே ஆள் முழுசா கையால பூட்டி அவர் பேர் போட்ட தகடு ஒட்டி அனுப்புவார். நாலு வீல் டிரைவ், பின்னாடி பேருக்கு ரெண்டு சீட்டு, டிக்கி நல்லாவே இருக்கும், கியர் ஆட்டோமேட்டிக். இதனாலதான் நிறைய பேர் ஏமாறாங்க, ஃபெராரி லம்போர்கினி மாதிரி இது நம்மள பயமுறுத்தாது, யூட்யூப்ல 'டெய்லி ஓட்டலாம்'னு சொல்றாங்க, அதுவும் பொய் இல்ல, ஆனா சொல்றவன் ஜப்பான்லயோ துபாய்லயோ இருந்துக்கிட்டு சொல்றான், அவனுக்கு ரெண்டு தெரு தள்ளி இந்த வண்டிய தெரிஞ்ச சர்வீஸ் சென்டர் இருக்கு.

நமக்கு? லாஞ்ச் பண்ணப்போ இந்த வண்டிக்குன்னு தனியா ஒரு ஹை பெர்ஃபார்மன்ஸ் சென்டர் வெச்சாங்க. எங்க? நொய்டால. சென்னைலேர்ந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல. இதுல கொடுமை என்னன்னா நிஸானுக்கு இந்தியாலயே ஃபேக்டரி இருந்தது நம்ம ஒரகடத்துல, 2010-லேர்ந்து, மைக்ரா சன்னி மேக்னைட் எல்லாம் அங்கேர்ந்துதான் போச்சு, 2025-ல அந்த பிளான்ட்ட முழுசா ரெனோ எடுத்துக்கிட்டாங்க. அந்த பக்கத்துல குடியிருந்தாலும் ஜிடி-ஆர் காரனுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. மேக்னைட் சர்வீஸ் பண்ற பையன் இந்த பானெட்ட தொட மாட்டான், அவன குத்தம் சொல்லவும் முடியாது, ட்ரெய்னிங் வேற, டூல் வேற, சாஃப்ட்வேர் வேற.

அதனால வெளி ஆளுங்கள நம்பித்தான் ஓடணும். சென்னைல இத தைரியமா தொடற ஆளுங்கள விரல் விட்டு எண்ணிடலாம், பெங்களூர்ல கொஞ்சம் அதிகம். இதுல ரிஸ்க் என்னன்னா நீங்க ஒரு கம்பெனிய நம்பல, ஒரு ஆள நம்பறீங்க. அந்த ஆள் நல்ல சம்பளம்னு துபாய் கிளம்பிட்டார்னு வெச்சுக்கோங்க, உங்க வண்டியோட ஹிஸ்டரியும் அவர் மண்டையோட ஃபிளைட் ஏறிடும். இப்படி ஆனத நான் பாத்திருக்கேன். அதனால வாங்கறதுக்கு முன்னாடியே அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு, நேர்ல போய் உக்காந்து, 'நான் இத வாங்கினா நீங்க பாப்பீங்களா'ன்னு கேட்டுடுங்க. வாங்கிட்டு அப்புறம் மெக்கானிக் தேடறவங்க நிறைய பேர் கடைசில எங்க ஒர்க்‌ஷாப் வாசல்லதான் வந்து நிக்கறாங்க.

பார்ட்ஸ் விஷயத்துக்கு ஒரு உதாரணம். ஜிடி-ஆர் இல்ல, வேற ஒரு ரெண்டு கதவு இம்போர்ட் வண்டி. ஓனர் லீவுக்கு வெளிநாடு போயிட்டார், பெசன்ட் நகர் வீட்டு பேஸ்மென்ட்ல கவர் போட்டு விட்டுட்டு. திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணா டேஷ்போர்டுல இருக்கற அத்தனை லைட்டும் எரியுது. ஃபிளாட்பெட்ல ஏத்தி எங்ககிட்ட கொண்டு வந்தாங்க. இன்ஜின் மேல இருக்கற பிளாஸ்டிக் கவர கழட்டினா உள்ள எலி கூடு கட்டியிருக்கு, தேங்கா நாரு, கிழிஞ்ச ஃபோம், பாதி தின்ன வடை ஒண்ணு, நடுவுல ஒயரிங் கட்டு ஒரு சாண் நீளத்துக்கு மொத்தமா கொதறிப் போட்டிருக்கு. இதுவே ஸ்விஃப்ட்டா இருந்தா சாயங்காலத்துக்குள்ள கிளம்பியிருக்கும். இந்த வண்டிக்கு அந்த ஒயரிங் தனித்தனியா வராது, முழு ஹார்னஸ்ஸா தான் வரும், இந்தியால ஸ்டாக் கிடையாது, ஆர்டர் போட்டு, பணம் கட்டி, கப்பல்லயோ ஃபிளைட்லயோ வந்து, கஸ்டம்ஸ்ல நின்னு, மாசக்கணக்காச்சு. அதுவரைக்கும் எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு வண்டி நிக்கற இடத்த அடைச்சுக்கிட்டு நின்னுச்சு வண்டி. ஓனர் சனிக்கிழமை ஆனா வருவார், சும்மா கவர தூக்கிப் பாத்துட்டு, டீ குடிச்சுட்டு போவார். கோடி ரூபா வண்டி, நிறுத்தினது எலி. அப்புறம் அவர் வீட்ல பானெட்டுக்குள்ள புகையிலை கட்டு தொங்க விட ஆரம்பிச்சாங்க, எங்க பசங்க சொன்ன யோசனைதான், சிரிக்காதீங்க, ஓரளவு வேலை செய்யுது.

ஜிடி-ஆர்ல இந்த பிரச்சினை கொஞ்சம் கம்மின்னு நியாயமா சொல்லணும். 18 வருஷத்துல சுமார் 48,000 வண்டி போட்டிருக்காங்க, அமெரிக்கா இங்கிலாந்து ஆஸ்திரேலியான்னு உலகம் முழுக்க ட்யூனிங் கடைங்க இருக்கு, வெளி கம்பெனி பார்ட்ஸ் எக்கச்சக்கமா கிடைக்கும், பாதி பேர் இன்டர்நெட்ல ஒவ்வொரு போல்ட்டுக்கும் வீடியோ போட்டு வெச்சிருக்கான். ஆனா 2025 ஆகஸ்ட்ல தோச்சிகி பிளான்ட்ல கடைசி வண்டி இறங்கி ப்ரொடக்‌ஷன் நின்னு போச்சு. உடனே பார்ட்ஸ் காணாம போயிடாது, ஆனா லைட்டு, பம்பர், கண்ணாடி, உள்ள இருக்கற டிரிம்மு மாதிரி, வெளி கம்பெனிக்காரன் செய்யாத ஐட்டங்க இருக்கே, அதுதான் இனிமே விலை ஏறிக்கிட்டே போகும். மவுன்ட் ரோடுல ஒரு ஆட்டோக்காரர் ஹெட்லைட்ட உரசிட்டு 'சாரி சார்'னு போயிடுவார், உங்களுக்கு அங்கேர்ந்து ஒரு சர்வதேச ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்.

இப்போ கியர்பாக்ஸ். ஜிடி-ஆர் வாங்கற யாரா இருந்தாலும் இதப்பத்தி ராத்திரி தூக்கம் கெட்டு படிக்கணும். இன்ஜின் முன்னாடி இருக்கு, கியர்பாக்ஸும் கிளட்சும் பின்னாடி ஆக்சிலோட சேர்ந்து இருக்கு, ஒரு ஷாஃப்ட் பின்னாடி போகும், இன்னொரு ஷாஃப்ட் அங்கேர்ந்து திரும்ப முன் வீலுக்கு வரும். டூயல் கிளட்ச், அதாவது ரெண்டு கிளட்ச் மாறி மாறி கியர் போடற ஆட்டோமேட்டிக். ஆரம்பத்துல 2008 வாக்குல அமெரிக்காவுல ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல ஆஃப் பண்ணி லான்ச் அடிச்சு (நின்ன இடத்துலேர்ந்து ஒரே மிதில கிளப்பி) கியர்பாக்ஸ உடைச்சுக்கிட்டாங்க, அப்படி ஓட்டினா வாரன்ட்டி கிடையாதுன்னு கம்பெனி சொல்ல பெரிய சண்டை ஆச்சு, அப்புறம் சாஃப்ட்வேர மாத்தி லான்ச்ச கொஞ்சம் மென்மையா பண்ணாங்க. 2017 மாடல்ல அந்த பழைய வியாதி கம்மி. ஆனா உங்க கேஸ் வேற, நீங்க லான்ச் அடிச்சு உடைக்க மாட்டீங்க, ஓஎம்ஆர்ல ஊர்ந்து ஊர்ந்து சூடு ஏத்துவீங்க. மெட்ரோ வேலைக்கு ரோட்ட பாதி அடைச்சு வெச்சிருக்கான், பெருங்குடிலேர்ந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ஃபர்ஸ்ட்டு, செகண்டு, நிறுத்து, மறுபடி ஃபர்ஸ்ட்டு, மே மாசம் வெளில 40 டிகிரி. டூயல் கிளட்ச் அந்த ஊர்ற வேகத்துல பாதி கடிச்சும் கடிக்காமலும் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். கியர் ஆயில் 10 லிட்டர் கிட்ட பிடிக்கும், அதுவும் இதுக்குன்னு உள்ள ஆயில், பக்கத்து கடைல கிடைக்கற டப்பா ஊத்தினா முடிஞ்சது கதை.

அதுக்கு மேல ஸ்டேஜ் 2-ன்னு வேற சொல்றீங்க. ஸ்டேஜ்னா ஏதோ கவர்மென்ட் ஸ்டாண்டர்ட் மாதிரி நினைச்சுக்காதீங்க, ஒவ்வொரு ட்யூனரும் அவனவன் இஷ்டத்துக்கு வெக்கற பேரு அது. யார் மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்) போட்டது, எந்த ஊர்ல போட்டது, எந்த பெட்ரோலுக்கு போட்டது, இந்த மூணுக்கும் பதில் வேணும். 100 ஆக்டேன் உசந்த பெட்ரோலுக்கு போட்ட மேப்ல சாதாரண பெட்ரோல ஊத்தி ஒரு தடவ முழுசா மிதிச்சா இன்ஜின் நாக் ஆகும், அதாவது உள்ள பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும், கம்ப்யூட்டர் ஓரளவு காப்பாத்த பார்க்கும், ஆனா டர்போ பிரஷர் ஏத்தி வெச்ச வண்டில அது எப்பவும் காப்பாத்தும்னு சொல்ல முடியாது. அப்புறம் பிஸ்டன், ராடு, அந்த யோகோஹாமாக்காரர் பேர் போட்ட தகடு, எல்லாம் ஒண்ணா தட்டுல வரும். டார்க் ஏத்தினா கிளட்ச்சுக்கு அடி விழும், அதையும் மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க, 'பவர் மட்டும்தான் ஏத்திருக்கு சார், கியர்பாக்ஸ் ஸ்டாக் (கம்பெனில வந்தபடியே)'னு பெருமையா சொன்னா அது பெருமைப்படற விஷயம் இல்ல.

பெட்ரோல் பேசியாச்சுன்னா கணக்கும் போட்டுடலாம். இப்போ பங்க்ல சாதாரணமா வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்தது. இந்த வண்டி அதுக்குன்னு டிசைன் பண்ணதில்ல, ட்யூன் பண்ண வண்டிக்கு இன்னும் வம்பு. இந்தியன் ஆயில்ல எக்ஸ்பி100-ன்னு 2020 கடைசில கொண்டு வந்தாங்க, 100 ஆக்டேன், எத்தனால் கலக்காதது, சென்னைல கிடைக்கும், ஆனா எல்லா பங்க்லயும் கிடையாது. லிட்டர் 160 ரூபான்னு வெச்சுக்குங்க, 74 லிட்டர் டேங்க், ஃபுல் அடிச்சா 12,000 கிட்ட. சிட்டில லிட்டருக்கு 5 கிலோமீட்டர் குடுத்தா சந்தோஷப்படுங்க, அப்போ கிலோமீட்டருக்கு 32 ரூபா. ஆபீஸ் போய் வர்றதுக்கு ஆட்டோவுக்கு குடுக்கறதவிட அதிகம். காசு கூட பரவால்ல, ஊர் விட்டு வெளில போனா எங்க இந்த பெட்ரோல் கிடைக்கும்னு தேடி தேடித்தான் ரூட் போடணும், பாண்டி போய் வர்றது ஓகே, கொடைக்கானல் பிளான் பண்ணா முதல்ல பங்க் மேப் பாக்கணும்.

ரோட்டுக்கு வருவோம். ஸ்பீட் பிரேக்கருக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற உயரம் 10 சென்டிமீட்டர், நல்லா 3.7 மீட்டர் அகலத்துல சரிவா போடணும்னு இருக்கு. ஜிடி-ஆரோட கிரவுண்ட் கிளியரன்ஸ் நாலு இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. ரூல்ஸ் படி போட்ட பிரேக்கரே இழுபறி, நம்ம தெருவுல ரூல்ஸ் படி எவன் போட்டான், ராத்திரியோட ராத்திரியா சிமென்ட் கொட்டி மேடு கட்டி வெச்சிருப்பாங்க. சில வண்டிங்கள்ல பட்டன் அமுக்கினா மூஞ்சிய தூக்கும், இதுல கம்பெனி அந்த வசதி குடுக்கல. இன்னொரு விஷயம் வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது, நம்ம ஊர்ல ரோடு போடறதுக்கு முன்னாடி மேல் தார சுரண்டிட்டு போயிடுவாங்க, தார் போட ஆள் வர்றதுக்குள்ள நாளாகும், அதுவரைக்கும் மேன்‌ஹோல் மூடி எல்லாம் ரோட்டுலேர்ந்து துருத்திக்கிட்டு நிக்கும். ராத்திரில, மழைல, தண்ணிக்கு அடில. இந்த வண்டியோட அடிப்பக்கம் ஏரோடைனமிக்ஸுக்காக தட்டையா மூடி வெச்சிருக்காங்க, முன்னாடி லிப்பு வேற. ஒரு மூடி போதும்.

டயரையும் பாத்துடுங்க. முன்னாடி 255/40, பின்னாடி 285/35, ரெண்டும் 20 இன்ச், ரன்ஃபிளாட், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனா மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடலாம், ஆனா அத கழட்டி மாட்ட தெருமுனை பஞ்சர் கடைல விட்டுடாதீங்க, சைட் வால் கல்லு மாதிரி இருக்கும், ரிம்ம கீறி வெச்சுடுவாங்க. நாலு வீல் டிரைவ்ங்கறதால டயர் தேய்மானம் நாலுலயும் ஏறக்குறைய சமமா இருக்கணும், ஒண்ணு வெடிச்சா ஒண்ணு மட்டும் வாங்கி சமாளிக்க முடியாது. செட்டா வாங்கினா லட்சக்கணக்குல போகும், யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிச்சா எப்படின்னு நீங்க கேக்கலாம், கேளுங்க, ஆனா அந்த அங்குசமும் ஸ்டாக் இல்ல தம்பி, ஆர்டர் போட்டுத்தான் வரணும்.

சரி இவ்ளோ கஷ்டப்பட்டு வெச்சு எங்க மிதிக்கறது? சென்னை சிட்டில காருக்கு லிமிட் 60. நான் கியர் ரேஷியோ வெச்சு கணக்கு போட்டு பாத்தேன், ஜிடி-ஆர் ஃபர்ஸ்ட் கியர்லயே ரெட்லைனுக்கு (இன்ஜின் சுத்தற உச்ச அளவுக்கு) போனா 60 தாண்டிடும், அதாவது செகண்ட் கியர் போடறதுக்குள்ள நீங்க குற்றவாளி. ஞாயித்துக்கிழமை காலைல இசிஆர்ல போறோம்னு எல்லாரும் சொல்வாங்க, போலாம், மகாபலிபுரம் வரைக்கும் போய் இட்லி சாப்ட்டுட்டு வரலாம், நல்லா இருக்கும். ஆனா பேரிகேட், கேமரா, திடீர்னு கிராஸ் பண்ற மாடு, அதோட உங்கள பாத்துட்டு பக்கத்துலயே பைக்ல வந்து 'அண்ணா சவுண்டு விடுங்கண்ணா'ன்னு கேக்கற பசங்க. எனக்கு அதுதான் பயம், அவன் ஒரு கைல ஃபோன வெச்சு வீடியோ எடுத்துக்கிட்டு உங்க கூடவே 100-ல வருவான், ஹெல்மெட் இருக்காது, அவன் விழுந்தா மனசாட்சி உங்களது. முறையா ஓட்டணும்னா இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர், ட்ராக் டே வெக்கறப்போ போகலாம். அங்க ஒரு நாள் ஓட்டினா 1,750 கிலோ வண்டிய நிறுத்தி நிறுத்தி பிரேக் பேடும் டயரும் எவ்ளோ போகும்னு தெரியும், ஆக்சிடென்ட் ஆனா சாதாரண இன்ஷூரன்ஸ் அங்க செல்லாது.

இனிமேதான் உங்களுக்கான மெயின் மேட்டர். வேளச்சேரி. 2015 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2023 மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணை பக்கம் அபார்ட்மென்ட்லேர்ந்து கார்ங்க வரிசையா மிதந்து போன வீடியோவ நாடே பாத்துச்சு. அதுக்கப்புறம் ரெட் அலர்ட்னு சொன்னவுடனே வேளச்சேரி ஃபிளைஓவர் மேல கார கொண்டு போய் நிறுத்தறது நம்ம ஏரியா சம்பிரதாயமே ஆயிடுச்சு. கண்ண மூடி யோசிச்சு பாருங்க, ராத்திரி 11 மணி, மழை, ஃபிளைஓவர் மேல ஒரு கிலோமீட்டருக்கு கார் வரிசை, அதுல ரெண்டு இன்னோவாவுக்கு நடுவுல உங்க ஜிடி-ஆர், பூட்டிட்டு குடைய பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடக்கறீங்க. தூக்கம் வருமா? அதுவும் ஃபிளைஓவர் வரைக்கும் போக முடிஞ்சா. முழங்கால் தண்ணிய இன்னோவா தாண்டிப் போயிடும், இது கணுக்கால் தண்ணிக்கே படகு மாதிரி ஆயிடும், காத்து உள்ள போற இன்டேக்ல தண்ணி போனா ஹைட்ரோ லாக், அதாவது சிலிண்டர்ல தண்ணி நின்னு பிஸ்டன் நகராம மாட்டிக்கும், இன்ஜின் காலி. நாலு வீலும் டிரைவ்ங்கறதால கயிறு கட்டி இழுக்கக் கூடாது, ஃபிளாட்பெட்தான் வேணும், வெள்ளத்தன்னிக்கு சென்னைல ஃபிளாட்பெட் கிடைக்கறது அண்ணாமலையார் தரிசனம் மாதிரி. வாங்கறதா இருந்தா அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மேடான இடத்துல ஒரு மூடின கராஜ் வாடகைக்கு வேணும், அதையும் விலைல சேத்துக்குங்க. கடல் காத்து அடிக்காத இடமா பாருங்க, நீலாங்கரைல நண்பர் வீடு இருக்குன்னு அங்க விட்டுட்டு வராதீங்க.

இன்ஷூரன்ஸ் ஒரு தமாஷ். தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1500 சிசிக்கு மேல எல்லாத்துக்கும் ஒண்ணுதான், வருஷம் 7,897 ரூபா, இன்னோவாக்கும் அதே, 570 குதிரைக்கும் அதே. வம்பெல்லாம் ஓன் டேமேஜ்ல, அதாவது நம்ம வண்டி சேதத்துக்கு எடுக்கற பகுதில. ஐடிவி (பாலிசில போடற வண்டி மதிப்பு) டேபிள் படி நாலு வருஷம் தாண்டினா வண்டி மதிப்பு பாதின்னு எடுத்துக்குவாங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ணிக்கறது. ஆனா அபூர்வ வண்டியோட மார்க்கெட் விலை அந்த டேபிள பாத்து இறங்காது. வண்டி திருடு போச்சு, மூழ்கிடுச்சுன்னா கைல வர்றது பாலிசில எழுதின ஐடிவிதான், நீங்க குடுத்த விலை கிடையாது. பிரீமியம் கம்மியாகுதேன்னு ஏஜென்ட் ஐடிவிய குறைச்சு போட்டா ஒத்துக்காதீங்க. பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, அந்த தேய்மானத்த கழிக்காத ஜீரோ டெப் கவர் பழைய வண்டிக்கு சுலபமா தர மாட்டாங்க, இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் வேளச்சேரிக்காரருக்கு கட்டாயம். ட்யூன் பண்ணத சொல்லாம பாலிசி எடுத்தா க்ளெய்ம் அன்னிக்கு சர்வேயர் ஃபோட்டோ எடுக்கறப்போ மாட்டிக்குவீங்க.

பேப்பர். பாண்டிச்சேரி நம்பர்னு சொன்னவுடனே எனக்கு முகம் சுளிச்சுச்சு. பாண்டில நிஜமா குடியிருந்து வாங்கினவங்களும் இருக்காங்க, ஆனா டாக்ஸ் கம்மின்னு பொய் அட்ரஸ் குடுத்து பதிவு பண்ணதும் ஏகப்பட்டது, 2017-ல கேரளாவுல சினிமாக்காரங்க மேல எல்லாம் இதுக்காக கேஸ் வந்துச்சே. தமிழ்நாட்டுல இப்போ 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம். வெளி மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா இங்க பதிவு பண்ணியாகணும், பழைய ஆர்டிஓகிட்ட என்ஓசி (ஆட்சேபம் இல்லேன்னு சர்டிஃபிகேட்) வாங்கி, இங்க டாக்ஸ் கட்டி. வண்டி வயசுக்கு டாக்ஸ் குறையும், குறைஞ்சாலும் 2 கோடி வண்டிக்கு அது சின்ன தொகையா இருக்காது. புரோக்கர் சொல்ற விலைல இது சேராது, அவர் 'அப்படியே ஓட்டலாம் சார், எல்லாரும் ஓட்டறாங்க'ன்னு சொல்வார். எல்லாரும் ஓட்டட்டும், ஆர்டிஓ பிடிச்சா வர்ற நோட்டீஸ்ல உங்க பேர்தான் இருக்கும்.

வண்டி எப்படி இந்தியாவுக்குள்ள வந்துச்சுங்கறதும் முக்கியம். கம்பெனி டீலர் மூலமா விலைக்கு வந்த வண்டின்னா அதோட ஒரிஜினல் இன்வாய்ஸ் இருக்கும், தனியா இறக்கினதுன்னா கஸ்டம்ஸ் பில் ஆஃப் என்ட்ரி இருக்கும். ரெண்டும் இல்லேன்னா நகந்துடுங்க, 2025-ல பூட்டான் வழியா வந்த வண்டிங்கள கேரளாவுல கஸ்டம்ஸ்காரங்க வீடு வீடா போய் தூக்கினாங்க, அதுல விஷயம் தெரியாம செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மாட்டினவங்களும் உண்டு. சேஸிஸ் நம்பர் இன்வாய்ஸ்லயும் ஆர்சிலயும் வண்டிலயும் ஒண்ணா இருக்கான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. பாதி பணம் கேஷா குடுங்கன்னு கேப்பாங்க, 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷ் வாங்கறது வருமான வரி சட்டத்துலயே தடை, அந்த பேச்சே எடுக்காதீங்க. இன்னும் சில வருஷம் கழிச்சு 15 வருஷம் முடியறப்போ ஆர்சி ரின்யூவல் வரும், இறக்குமதி காருக்கு அதுக்கே 40,000 ரூபா, இது மத்ததுக்கு முன்னாடி சில்லறைதான்.

விக்கறது பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. ஜிடி-ஆருக்கு பேர் இருக்கு, ப்ரொடக்‌ஷன் நின்னதால ஸ்டாக் கண்டிஷன்ல இருக்கற சுத்தமான வண்டிக்கு மதிப்பு நிக்கும்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா அவசரத்துக்கு காசாகாது, பாங்க் லோன் சுலபமா கிடைக்காததால வாங்கறவனும் ரெடி பணத்தோட வரணும், அதுல ட்யூன் பண்ண வண்டின்னா முக்கால்வாசி பேர் ஃபோன்லயே வெச்சுடுவாங்க. நீங்க ஏத்தின 100 குதிரைக்கு அவன் காசு தர மாட்டான், குறைச்சுத்தான் கேப்பான்.

அப்போ நான் உங்க இடத்துல இருந்தா? ஐ20-ஐ விக்க மாட்டேன். வேகமும் வேணும், தினமும் ஓட்டவும் வேணும்னா பிஎம்டபிள்யூ எம்340ஐ யூஸ்டுல பாருங்க, ஆறு சிலிண்டர், 3 லிட்டர் டர்போ, நாலு வீல் டிரைவ், 100 தொட நாலரை செகண்டு கிட்ட, 2021-லேர்ந்து நம்ம மகேந்திரா வேர்ல்ட் சிட்டி பிளான்ட்லயே அசெம்பிள் பண்ண வண்டி. அதுவும் சும்மா இல்ல, அதுக்கும் செலவு இருக்கு, ஆனா சென்சார் போச்சுன்னா இதே ஊர்ல பார்ட் கிடைக்கும், கம்பெனி ட்ரெய்னிங் எடுத்த ஆள் நாலு பேர் இருப்பான், அம்மாவ பின்னாடி உக்கார வெச்சு காஞ்சிபுரம் கூட்டிட்டு போலாம். ஜிடி-ஆர் பின் சீட்ல அம்மாவ உக்கார வெச்சீங்கன்னா அடுத்த நாள் டாக்டர்கிட்டதான் போகணும்.

இல்ல, சின்ன வயசுலேர்ந்து போஸ்டர் ஒட்டி வெச்ச வண்டி, இதான் வேணும்னா அதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், நானும் இந்த லைனுக்கு வந்தது அதே பைத்தியத்துலதான். ஆனா தேடறது வேற வண்டியா இருக்கட்டும், ட்யூன் பண்ணாதது, தமிழ்நாடோ கர்நாடகாவோ ஒரிஜினல் பதிவு, ஒரே ஓனர், சர்வீஸ் பில்லு முழுசா வெச்சிருக்கறவர். கிடைக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.

புரோக்கர் வண்டிய எதுக்கும் பாத்துத்தான் ஆவேன்னா காலைல இன்ஜின் ஆறிக் கிடக்கறப்போ போங்க, முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லிடுங்க. ஐட்லிங்ல வண்டி நடுவுலேர்ந்து கடகடன்னு ஒரு சத்தம் வருதான்னு கேளுங்க, பெல் ஹவுசிங் சத்தம், இந்த வண்டியோட பழைய வியாதி அது. ஃபர்ஸ்ட்டு, செகண்டு, ரிவர்ஸ் போடறப்போ இடிக்குதா பாருங்க, சூடானப்புறம் மறுபடி பாருங்க. உள்ள டேட்டா ரெக்கார்டர் இருக்கு, தெரிஞ்ச ஆள் லேப்டாப் போட்டு படிச்சா முன்னாடி எப்படி ஓட்டியிருக்காங்கன்னு நிறைய வெளில வரும். அப்புறம் லிஃப்ட்ல ஏத்தி அந்த அடிப்பக்க மூடிய கழட்டி பாக்கணும், ஆயில் கசிவு, கீறல், வெல்டிங், வெள்ளத்துல நின்ன சேறு எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். லிஃப்ட்ல ஏத்த விட மாட்டேன், வேற பார்ட்டி டோக்கனோட வந்துக்கிட்டு இருக்கார்னு புரோக்கர் சொன்னார்னா, அந்த பார்ட்டிக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிட்டு ஓசூர் வழியா கிளம்பி வந்துடுங்க.